துணை வேண்டுவோர்க்கு ஒரு வீடு

மக்களைப் பெற்றவர்க்குக் கவலைகள் பல. அவற்றுள் ஒன்று சில குடும்பங்களுக்கு மட்டுமே உரியது. பிறரிடம் எளிதில் சொல்லிக்கொள்ள முடியாதது. மகனோ மகளோ வளர்ந்து முப்பது, நாற்பது வயதை எட்டியும் தனியே குடித்தனம் நடத்த இயலாத நிலையில் இருப்பர். பிறவியிலேயே அமைந்த அறிவுசார் குறைபாடு அதற்குக் காரணமாகலாம். இடையில் வந்து நெடுநாள் தங்கிவிட்ட மனநோயும் காரணமாகலாம். தாய் தந்தையர் உள்ளவரை காரியங்கள் ஒருவாறு நடந்துவிடுகின்றன. 'நமக்குப் பின் யார்?' என்ற கேள்விதான் உறக்கத்தைக் கெடுக்கிறது.

தில்லி, மும்பை, கல்கத்தா, பெங்களூர் முதலிய நகரங்களில் உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறிய நம்மவரிடையே இக்கேள்வி இன்னும் கடுமையாக எழுகிறது. ஊரில் இருக்கும் அண்ணன் தம்பியரும் முதுமை எய்திவிட்டனர். இங்குள்ள அண்டை வீட்டார் அன்புடையவர்களே. ஆயினும் ஒரு வாழ்நாட் பொறுப்பை அவர்கள்மீது சுமத்துதல் இயலாது. ஆகவே, சிலரே தங்கும் ஓர் ஆதரவு இல்லத்தைத் தேடத் தொடங்குகிறோம்.

எத்தகைய இல்லத்தைத் தேர்ந்தெடுப்பது? இதற்கு விடை கூற விளம்பரத் தாள்கள் உண்டு, தரகர்களும் உண்டு. நாம் இங்கே வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம் நாடு இத்தகையோரை எங்கெங்கே வைத்தது, அதனால் விளைந்தது யாது என்பதை அறிந்துகொண்டால், ஓர் இல்லத்தின் வாசலில் நின்று நாம் கேட்க வேண்டிய கேள்விகள் தாமே புலப்படும்.

முதலில் சத்தியவேடு என்னும் ஊரை நினைத்துக்கொள்வோம். அது இன்று ஆந்திரப் பிரதேசத்துத் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரல் மாதம் அம்மாவட்டம் அமையும்வரை அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கும் முன்னர், 1960 மார்ச் முடிய, சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. படாஸ்கர் அவர்களின் பரிந்துரையைத் தழுவி 1959இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது; பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. அப்படிச் சென்ற நிலப்பகுதியே சத்தியவேட்டு வட்டமாயிற்று. நாம் எல்லையைக் கடந்து வேற்று மாநிலம் வந்தோம். சத்தியவேட்டுத் தமிழரோ இருந்த இடத்திலேயே இருந்தனர். எல்லை அவர்களைக் கடந்து சென்றது.

அவ்வூர்க் குடும்பம் ஒன்றில் துணை வேண்டும் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசிப் பழகியவர் அவர். சென்னை 100 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் இருக்கிறது. ஆந்திர அரசின் பெரிய மனநல மருத்துவமனைகளோ, நெடுங்காலம், விசாகப்பட்டினத்திலும் ஐதராபாத்திலுமே இருந்தன. விசாகப்பட்டினம் 700 கிலோமீட்டருக்கு அப்பால். எந்த அரசின் எல்லைக்குள் இருக்கிறோம் என்பது ஒன்று. யார் எளிதில் வந்து பார்க்க முடியும் என்பது வேறொன்று. இவ்விரண்டும் ஒத்துப் போகாதபோது எதனைக் கொள்வது? வேற்று மாநிலத்தில் வாழும் நம் ஒவ்வொருவர்க்கும் உரிய கேள்வி இது. இதனை இறுதியில் மீண்டும் ஆராய்வோம்.

பண்டைநாளில் இத்தகையோர்க்குக் குடும்பமே இல்லம். நோய் முற்றினால் திருத்தலங்களுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலத்தில் ஒரு மண்டலம், அஃதாவது 48 நாள் தங்குவர். ஆந்திர எல்லையை அடுத்துள்ள சோளிங்கபுரத்துக்கும், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடித் தர்காவுக்கும் மதவேறுபாடின்றி மக்கள் வந்தனர். இத்தலங்களில் நோய் தீர்ந்ததா என்பது வேறு ஆராய்ச்சி. தாயோ மனைவியோ உடன் தங்கினர் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

வெள்ளையர் ஆட்சியில் வேறொரு முறை வந்தது. 1794இல் வாலண்டைன் கானலி என்னும் அறுவை மருத்துவர் சென்னையில் மனநோயாளிகளுக்கென ஒரு விடுதி நடத்தலானார். பின்னர் அரசாங்கமே அப்பணியை மேற்கொண்டது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் எனப்பட்ட பரந்த நிலத்தில் அரசு மனநோயகம் நிறுவப்பட்டது. இன்றுள்ள மனநல மருத்துவமனை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இத்தகைய நிலையத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் 'அசைலம்' என்பது. அச்சொல்லின் நேரிய பொருள் அடைக்கலம். ஆயினும் நம் மக்கள் அதனை அடைக்கலம் என்று பெயர்த்துக்கொள்ளவில்லை. 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்றே அழைத்தனர். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாயிற்று. பெயரில் இருந்த அடைக்கலத்தை மக்கள் மதிலுக்கு உள்ளே காணவில்லை போலும்.

1912ஆம் ஆண்டு இந்தியப் பித்தர் சட்டம் இந்த ஏற்பாட்டுக்குச் சட்ட வடிவம் தந்தது. குற்றவியல் நடுவரின் ஆணையின் பேரில் ஒருவரை உள்ளே வைக்கலாம். நோயாளியை வெளியுலகத்தினின்று பிரித்துக் காப்பில் வைப்பதே சட்டத்தின் பெருநோக்கமாக இருந்தது. உள்ளே செல்வதற்கு விதிகள் விரிவாக இருந்தன. வெளியே வந்தபின் எங்கே, யாருடன் வாழ்வது என்பதற்கு ஏற்பாடு இல்லை. 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, நாடு முழுவதிலும் மனநோயாளிகளுக்குச் சுமார் 10,000 படுக்கைகளே இருந்தமையைக் காட்டிற்று. நாற்பது கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் இது சிறிதும் போதாது. குணம் கண்டவரை அழைத்துச் செல்ல ஆளில்லாவிடில் அப்படுக்கைகளும் நிரந்தரக் குடியிருப்பாகிவிடும்.

வரலாறு நமக்குத் தரும் முதற் கேள்வி இதிலிருந்து பிறக்கிறது. இல்லத்தில் சேர்ப்பது எப்படி என்பதை எவரும் விளக்குவர். 'இங்கே இருக்க விருப்பமில்லை என்று அவர் சொன்னால் வெளியே வருவது எப்படி?' என்று நாம் கேட்க வேண்டும். அதற்குத் தெளிவான விடை கூறாத இல்லம், புதிதாக வண்ணம் பூசப்பட்டிருப்பினும், பழைய மதிலின் வழித்தோன்றலே ஆகும்.

நாடு விடுதலை பெற்றபின், வடக்கிலும் தெற்கிலும் இரு முயற்சிகள் அம்மதிலில் வாயில் திறந்தன. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் தலைமையை ஏற்றிருந்த டாக்டர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களை அடித்து, நோயாளிகளின் குடும்பத்தாரை அவற்றில் தங்கச் செய்தார். நோயாளியை எவ்வாறு கவனிப்பது என்பதைக் குடும்பத்தார் அங்கிருந்தே கற்றனர். உறவு அறுபடாமையால் வீடு திரும்புவதும் எளிதாயிற்று.

சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரிலும் இம்முறை வேரூன்றியது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல நிலையத்தில், நோயாளியுடன் உறவினர் ஒருவர் தங்குவதே தொடக்கம் முதல் நடைமுறையாக அமைந்தது. உறவினர் உடனிருப்பது சிகிச்சைக்கு இடையூறு என்று மேலைநாடுகளிற் பெரிதும் கருதப்பட்ட காலம் அது. இங்கே அதுவே சிகிச்சையின் ஓர் உறுப்பாயிற்று.

மேலைநாடுகளில் இதற்கு விலக்காக ஓரூர் உண்டு. பெல்ஜியத்தில் உள்ள கேல் என்னும் ஊருக்கு, நம் சோளிங்கபுரத்துக்கும் ஏர்வாடிக்கும் வருவது போலவே, மனநோயாளிகள் இடைக்காலந்தொட்டு யாத்திரையாக வந்தனர். மாதா கோவிலைச் சார்ந்த விடுதியில் இடம் போதாமையால் ஊரார் தம் வீடுகளில் இடம் கொடுத்தனர். நாளடைவில் அதுவே ஊர் வழக்கமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் 3,000-க்கும் மேற்பட்டோர் அவ்வூர்க் குடும்பங்களுடன் வாழ்ந்தனர். வயலிலும் அடுக்களையிலும் தம்மாலியன்ற வேலையைச் செய்தனர். ஒரே மேசையில் உண்டனர். தொகை குறைந்துவிட்டபோதிலும் அம்முறை இன்னும் வழக்கொழியவில்லை.

இரண்டாம் கேள்வி இப்போது தெளிவாகிறது. 'நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம்? அவரோடு அமர்ந்து உண்ணலாமா? ஓரிரவு தங்கலாமா?' மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரவேற்பறையில் அரைமணி நேரம் என்று விதி வகுத்துள்ள இல்லம், அடுக்களையைக் காட்ட விரும்பாத இல்லம் என்று பொருள். முன்னறிவிப்பின்றி ஒருநாள் உணவு வேளையில் சென்று பார்த்தல் நலம். உண்பவரும் பரிமாறுபவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கின்றனரா என்பதைக் கவனித்தால், பல பக்கங்கொண்ட விளம்பரத் தாள் சொல்லாததை அறியலாம்.

சென்னையில் இம்மாறுதலைக் கொணர்ந்தவருள் தலையாயவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதற்பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பெறுபவர். 1961இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்று, 1978 வரை அப்பணியில் இருந்தார். புறநோயாளர் பிரிவை வளர்த்தார். உள்ளிருப்போர் கைத்தொழில் பயில வழி செய்தார். ஓய்வு பெற்றபின் 1984இல் ஸ்கார்ஃப் என வழங்கும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். 2021இல், 98ஆம் வயதில் காலமானார். மருந்து நோயைத் தணிக்கும்; ஆனால் காலையில் எழுந்தவுடன் செய்வதற்கு ஒரு வேலையும், மாலையில் பேசுவதற்கு ஓர் ஆளும் மருந்தினால் கிடைக்கமாட்டா. அவர் தொண்டிலிருந்து நாம் கொள்ள வேண்டிய மூன்றாம் கேள்வி, 'இங்கே ஒருவருடைய பகற்பொழுது எவ்வாறு கழிகிறது?' என்பது. தொலைக்காட்சிப் பெட்டியைச் சுட்டிக் காட்டுவது இதற்கு விடையாகாது.

இதுவரை கூறியதைக் கொண்டு, பெரிய நிலையம் தீது, சிறிய இல்லம் நன்று என்று முடிவு கட்டிவிடலாம் எனத் தோன்றும். அம்முடிவு தவறு என்பதை ஏர்வாடி நமக்கு உணர்த்திற்று.

ஏர்வாடித் தர்காவைச் சுற்றித் தனியார் பலர் மனநோயாளிகளைத் தங்கவைக்கும் விடுதிகளை நடத்திவந்தனர். அவை பெரிய மதில்களை உடையன அல்ல. சிறிய கீற்றுக் கொட்டகைகளே. தொலைவூர்களிலிருந்து உறவினர் அழைத்து வந்து, பணம் செலுத்திவிட்டுச் சென்றனர். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் ஒரு விடுதியில் தீப்பற்றிற்று. அங்கிருந்தோர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர்; ஓடித் தப்ப இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. பதிவு பெற்ற, பெறாத நிலையங்கள் அனைத்தையும் கணக்கெடுக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. ஏர்வாடி விடுதிகள் மூடப்பட்டு, அங்கிருந்த நூற்றுக்கணக்கானோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர்.

உறவினரைக் கொடியவர் என்று கூறிவிடுதல் எளிது. அவர்களுட் பலர் ஏழைகள்; வேறு போக்கிடம் அறியாதவர்கள். எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. வந்து பார்ப்பவர் இல்லாத இடத்தில், இல்லம் சிறியதாக இருப்பது காப்பாகாது. பெரிய மருத்துவமனையில் நடக்கும் தவற்றை நூறு பேர் காண்பர். பத்துப் பேர் கொண்ட கொட்டகையில் நடப்பதைக் காண ஒருவரும் இரார். ஆகவே, எத்தனை பேர் தங்குகின்றனர் என்று எண்ணுவதோடு, வெளியார் எத்தனை பேர் வந்து போகின்றனர் என்றும் எண்ண வேண்டும். இரவில் விழித்திருப்பவர் யார், கதவுகளின் தாழ் எப்பக்கம் இருக்கிறது, தீ நேர்ந்தால் வழி எது என்பனவற்றையும் வெட்கமின்றிக் கேட்க வேண்டும். இது நான்காம் கேள்வி.

சிறிய இல்லம் எவ்வாறு இருத்தல் தகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்னும் இரு இளம்பெண்கள், தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்காகச் சென்னையில் 'தி பான்யன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். முகப்பேரில் அமைந்த அதன் இல்லத்துக்கு 'அடைக்கலம்' என்று பெயர். கீழ்ப்பாக்கத்துக்கு மக்கள் வழங்க மறுத்த சொல், நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் கழித்து, இங்கே தமிழிலேயே வந்து அமர்ந்தது.

அங்கே குணமடைந்தோருட் பலர் வீடு திரும்பினர். திரும்ப வீடில்லாதவர் சிலர் ஆண்டுக் கணக்கில் அங்கேயே தங்கினர். எவ்வளவு அன்புடைய நிலையமாயினும், வாழ்நாள் முழுதும் நிலையத்திலேயே கழிப்பது முறையா என்ற வினா எழுந்தது. அதன் விளைவாக 2015இல் 'ஹோம் அகெய்ன்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. சாதாரணத் தெருக்களிலும் சிற்றூர்களிலும் வீடுகளை வாடகைக்கு அமர்த்தி, வீட்டுக்கு நான்கைந்து பேராக அவர்கள் குடியேறினர். துணைக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் இருப்பார். தேவைக்கேற்ப அவருடைய உதவி கூடும், குறையும். கடைக்குச் செல்வது, சமைப்பது, வேலைக்குப் போவது, பண்டிகை கொண்டாடுவது எல்லாம் அக்கம்பக்கத்தாரோடுதான். 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் சமூக மனநலப் பணிகள் பற்றி வெளியிட்ட வழிகாட்டி நூலில், உலகிற்கு எடுத்துக்காட்டாக அமைந்தவற்றுள் இதனையும் சேர்த்துக் கூறியுள்ளது.

ஏர்வாடிக் கொட்டகையும் சிறியது. இவ்வாடகை வீடும் சிறியது. வேறுபாடு வாசலில் இருக்கிறது. ஒன்றின் வாசல் உறவினர் விட்டுச் செல்வதற்காக இருந்தது. மற்றொன்றின் வாசல் உள்ளிருப்போர் நாள்தோறும் போய்வருவதற்காக இருக்கிறது.

சட்டமும் இப்பொழுது இவ்வழியே செல்கிறது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1987இல் மனநலச் சட்டமும், அதற்குப் பதிலாக 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. குடும்பம் இல்லை, அல்லது குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருத்தல் ஆகாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சங்கிலியிடுதலை அறவே தடுக்கிறது. வற்புறுத்தித் தலையை மழித்தல் கூடாது. அவரவர் உடையை உடுக்க விரும்பினால் தடுத்தல் கூடாது. வேலை வாங்கினால் ஊதியம் தரவேண்டும். இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையைத் தழுவி எழுந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சமூகத்தோடு வாழ்தலை ஓர் உரிமையாக்கிற்று. பதிவுச் சான்று இன்றி இத்தகைய நிலையத்தை நடத்தலாகாது என்றும் விதித்தது. ஆகவே பதிவுச் சான்றைக் காட்டுமாறு கேட்பது அவமதிப்பு ஆகாது. நல்ல இல்லத்தார் அதனைத் தாமே முன்வந்து காட்டுவர்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியன உடையோர்க்கு 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் துணை நிற்கிறது. 18 வயது கடந்த அவர்களுக்குச் சட்டபூர்வப் பாதுகாவலரை நியமிக்கும் அதிகாரம், மாவட்ட அளவிலுள்ள குழுவிடம் இருக்கிறது. பெற்றோர் உள்ளபோதே இதனைச் செய்து வைத்தல் நன்று. மைய அரசின் ஊழியராக இருந்தோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்க. தாமே பொருளீட்ட இயலாத மாற்றுத்திறன் மக்கள், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். அப்பெயரை அலுவலக ஏடுகளில் முன்னரே பதிவு செய்துவிட்டால், பிற்காலத்தில் அல்லல் குறையும்.

இனி, தொடக்கத்தில் நிறுத்தி வைத்த கேள்விக்கு வருவோம். இல்லத்தை இங்கே தேடுவதா, சொந்த ஊர்ப் பக்கம் தேடுவதா?

சத்தியவேட்டுக் குடும்பம் நிலப்படத்தின் கோட்டை ஒருபுறம் வைத்துவிட்டு, யார் வந்து பார்ப்பார் என்பதை முதலில் எண்ணினால் அது அறிவுடைமையே. தங்கை சென்னையில் இருந்தால் சென்னையும், தம்பி திருப்பதியில் இருந்தால் திருப்பதியும் உகந்த இடமாகலாம். எல்லைக் கோடு சிலவற்றில் குறுக்கிடும் என்பது மெய்யே. மாநில அரசு தரும் உதவித்தொகை அம்மாநிலத்தில் வாழ்வோர்க்கே உரியது. மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டையோ நாடு முழுவதும் செல்லும். இவற்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆனால் உதவித்தொகையின் பொருட்டு உறவைத் தொலைவில் வைப்பது நட்டக் கணக்கே ஆகும்.

மொழியையும் எண்ண வேண்டும். பசி, வலி, அச்சம் இவற்றைத் தம் சொல்லில் சொல்லி, மறுமொழி கேட்க ஒருவருக்கு வாய்ப்பு இருக்க வேண்டும். இல்லத்தில் அவர் மொழி அறிந்த ஒருவரேனும் இல்லையெனில், நல்லவர் நடுவிலும் அவர் தனியராகிவிடுவார். ஆனால் அவர் மொழி எது? இங்கே பெற்றோர் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். கும்பகோணமோ திருநெல்வேலியோ நமக்குச் சொந்த ஊர். கரோல்பாக்கிலோ மாதுங்காவிலோ பிறந்து, நாற்பதாண்டுகளாக அத்தெருவின் காய்கறிக்காரரையும் பால்காரரையும் அறிந்து வாழ்ந்த மகனுக்கு அதுவே சொந்த ஊர். அவன் தமிழ் வீட்டுத் தமிழ். தெருவில் அவன் பேசுவது இந்தியோ மராத்தியோ. நம் ஊர் ஆசையை அவன்மீது ஏற்றி, ஆயிரம் கல் தொலைவில் அவன் அறியாத ஊரில் கொண்டுபோய் விட்டால், அவனுக்கு அது இடப்பெயர்ச்சியே. அங்கேயே வளர்ந்து, அங்கே உறவும் உள்ளவனாயின் கதை வேறு.

ஆகவே, எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி இல்லத்தாரிடம் கேட்பதன்று. செல்லவிருப்பவரிடமே கேட்பது. 'இந்த வீடு உனக்குப் பிடித்திருக்கிறதா?' என்று கேட்டு, ஒருமுறை ஒருநாளும், மறுமுறை ஒரு வாரமும் தங்கச் செய்து, அவர் முகத்தையும் சொல்லையும் பார்த்து முடிவு செய்தல் வேண்டும். பேச்சு வராதவரும் விருப்பு வெறுப்பைக் காட்டுவர். தாய் தந்தையர் அதனை நன்கு அறிவர். 1794 தொடங்கி நெடுங்காலம் எவரும் அவர்களிடம் இக்கேள்வியைக் கேட்டதில்லை. வரலாற்றில் நேர்ந்த துன்பங்களுட் பல இவ்வொரு குறையிலிருந்து விளைந்தவையே.

இல்லத்தைத் தேடுவோர் காலம் தாழ்த்தலும் ஆகாது. தாம் படுக்கையில் விழுந்தபின் அவசரத்தில் தேடுவோர்க்குக் கிடைப்பது, எங்கே இடம் காலியோ அந்த இடமே. உடம்பில் வலு இருக்கும்போதே தேடினால், சேர்த்தபின் சில ஆண்டுகள் அடிக்கடி சென்று பார்க்கலாம். அண்ணன் தங்கையரையும் அப்பழக்கத்துக்குக் கொண்டுவரலாம். இல்லத்தாரும் 'இவரைத் தேடி வருவோர் உளர்' என்பதை அறிந்திருப்பர். அவ்வறிவே மகனுக்கோ மகளுக்கோ நாம் விட்டுச் செல்லும் காவல்.